பாங்கு நிறுவிய வணிகர்: எம்.ஸிடி.எம். சிதம்பரஞ் செட்டியார்

பொருளின்றி இல்வாழ்க்கை நடவாதென்பதை யாவரும் அறிவர். திருவள்ளுவரும் பொருள் செயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்தருளினார். ஆயினும், கைக்கு வந்த பொருளை எங்ஙனம் எண்ணுவது, எங்ஙனம் பகுப்பது, எவரிடம் ஒப்புவிப்பது என்னும் முதற் பாடங்களை நாம் கல்லூரியில் முறையாகக் கற்பதில்லை. வீட்டினின்று திங்கள்தோறும் வருந் தொகை இருபதாம் நாளிலேயே கரைந்துபோக, எஞ்சிய நாட்களைக் கடனாற் கழிக்கும் மாணவரும் நம்மிடையே உளர். இப்பாடங்களை வீட்டுக் கல்வியாகவே கற்பித்து வந்த நாடொன்றுண்டு. அதுவே காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாடு. அந்நாட்டிற் தோன்றி, அப்பழங் கல்வியின் பயனைப் புதியதோர் பாங்காக உருவாக்கிய எம்.ஸிடி.எம். சிதம்பரஞ் செட்டியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

இப்பெரியார் 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், கானாடுகாத்தான் நகரத்தார் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சர் முத்தையா செட்டியார் சென்னையிற் புகழ் வாய்ந்த வணிகர், கல்விக்கு உதவியவர். அவர் பெயர் தாங்கிய பள்ளியைச் சென்னைப் புரசைவாக்கத்தில் இன்றுங் காணலாம்.

நகரத்தார் குடியிற் பிறந்த சிறுவர் தொழில் பயின்ற முறை அறியற்பாலது. எண்சுவடியில் முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களை மனப்பாடஞ் செய்த சிறுவன், உறவினர் ஒருவரது கடையிற் பெட்டியடிப் பையனாக அமர்வான். ஏவிய பணிகளைச் செய்துகொண்டே, மூத்தோர் கணக்கெழுதும் வகையை அருகிருந்து கற்பான். பின்னர் அடுத்தாளாகி, இறுதியிற் கடல்கடந்த கடையொன்றிற்கு ஏஜெண்டாகச் செல்வான். இதனைக் கொண்டுவிற்கப் போதல் என்பது அந்நாட்டு வழக்கு. கடையின் அன்றாட வரவுசெலவு சிட்டையில் ஏறும். சிட்டையினின்று ஆள்வாரியாகப் பேரேட்டிற்குச் செல்லும். குறித்த காலத்தில் ஐந்தொகை எடுத்து இலாப நட்டம் காண்பர். கடையின் சொந்த முதல் வேறு, பிறர் நம்பி ஒப்புவித்த பணம் வேறு என இரண்டும் தனித்தனியே கணக்கிற் நின்றன. கையிலுள்ள காசெல்லாம் தன் காசன்று என்னும் உணர்வே அக்கல்வியின் முதற்படி எனலாம்.

இக்கல்வி ஆடவரோடு நின்றுவிடவில்லை. மணமுடித்த மக்களை வேறு வைத்தல் என்பதும் செட்டிநாட்டு வழக்கமே. பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழினும், இளந்தம்பதிகட்குத் தனி அடுப்பும், ஆண்டிற்கு இவ்வளவென அளந்த பொருளுந் தரப்படும். அதற்குள் குடித்தனத்தைச் செம்மையாக நடத்துதல் அவர்தம் பொறுப்பு. பெண்கள் கொணர்ந்த சீர்ப்பணம் ஆச்சிமார் பணம் என்னும் பெயரால் கடைகளில் வட்டிக்கு வளர்ந்தது. வருவாயில் ஒரு கூறு மகமை என்று அறத்திற்கு ஒதுக்கப்பட்டது. கிறிஸ்தவர் தசமபாகம் ஒதுக்குவதை இஃது ஒக்கும்.

இம்மரபிடை வளர்ந்த சிதம்பரஞ் செட்டியார், இருபது வயதை ஒட்டிய இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்பத் தொழிலின் பெருஞ்சுமையை ஏற்றார். நம்மிற் பலர் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருக்கும் வயது அது.

அக்காலமோ நல்ல காலமன்று. 1929-இல் அமெரிக்காவில் மூண்ட பொருளாதார மந்தம் அடுத்த ஆண்டே பர்மாவை எட்டியது. நெல் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. கடன்பட்ட உழவர் வட்டியுங் கட்டமாட்டாராய் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலம், 1938-இல் 25 பங்காயிற்று. வெளிநோக்கிற்கு இது செல்வப் பெருக்கு. உள்நோக்கிற்கோ, புழங்கவேண்டிய பணம் வயற்சேற்றில் முடங்கிய நிலை. அன்றியும், இதனாற் பர்மியர் நெஞ்சில் விளைந்த கசப்புஞ் சிறிதன்று. நிலமிழந்த அவ்வுழவரின் துயரை மறைத்துச் செட்டிநாட்டுச் செல்வத்தை மட்டும் புகழ்தல் நேர்மையாகாது.

இந்நிலையில், 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10-ஆம் நாள், தமது 28-ஆம் வயதில் சிதம்பரஞ் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அதன் கிளைகள் திறக்கப்பட்டன. பின்னர்ப் பினாங்கிலும் கிளை எழுந்தது. அயல்நாட்டு நாணயமாற்றும், கடல்கடந்த பாங்குத் தொழிலுமே அதன் சிறப்பு நோக்கங்கள். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று பர்மா இந்திய ஆட்சியினின்று பிரிக்கப்பட்டதை நினைப்பின், அந்நோக்கங்களின் பொருத்தம் விளங்கும்.

பழைய கடைக்கும் இப்பாங்கிற்கும் வேற்றுமை யாதெனின், கூறுவோம். கடை உறவையும் அறிமுகத்தையும் நம்பி நடந்தது. அதன் கணக்கை முதலாளியும் ஏஜெண்டுமே அறிவர். பாங்கோ சட்டப்படி பதிவாகி, தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் உலகறிய வெளியிடக் கடமைப்பட்டது. பிற குலத்தாரும் பிற ஊராருந் தத்தம் சிறுசேமிப்பை அதிற் செலுத்தலாம். எனினும் பாங்கு என்னும் பெயர் மட்டுமே காவலாகாது. 1906-இல் சென்னை ஆர்பத்நாட்டுக் கம்பெனி முறிந்து, எண்ணிறந்தோர் சேமிப்பை விழுங்கியது. 1938 ஜூனில் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு கதவடைத்தது. அப்பொழுது சிதம்பரஞ் செட்டியாரின் பாங்கிற்கு வயது பதினாறு மாதமே. அது நிலைத்து நின்றது.

அதனினும் பெரிய இடர் போரால் வந்தது. 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். இந்தியர் பன்னூறாயிரவர் பர்மாவை விட்டு ஓடினர். காடும் மலையுங் கடந்து நடந்தே வந்தவரும், வழியில் மாண்டவரும் பலர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின், நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஈட்டியதைப் பர்மா ஒன்றிலேயே வைத்திருந்த குடும்பங்கள் நொடித்தன. அந்நாட்டுத் தேக்கால் எழுப்பிய மாளிகைகளின் தூண்களையுங் கதவுகளையும் பெயர்த்து விற்று உண்ட வீடுகளும் உண்டு. அவர்கள் கணக்கறியாதவரல்லர், சிக்கனம் அறியாதவருமல்லர். எல்லாவற்றையும் ஓரிடத்தே வைத்ததே அவர்கட்கு வந்த கேடு. பல நாடுகளிற் கால் ஊன்றிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கோ, 1947-இல் இந்தியாவில் 38 கிளைகளும் அயல்நாடுகளில் 7 கிளைகளும் உடையதாய் விளங்கியது.

சிதம்பரஞ் செட்டியார் பாங்கோடு அமையவில்லை. 1938-இல் யுனைடெட் இந்தியா தீ மற்றும் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனியை நிறுவினார். பெரும்பாவூரில் ரேயான் ஆலை அமைக்கவும் முன்னின்றார். தம் இன்ஷூரன்ஸ் தொழிலுக்காகச் சென்னை மவுண்ட்ரோட்டில் விண்ணளாவுங் கட்டடம் ஒன்றையுந் தொடங்கினார். அது முடியுமுன்னரே, 1954-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13-ஆம் நாள், சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் இறங்குங்கால் அவர் சென்ற விமானம் விபத்துற, தமது 45-ஆம் வயதில் உயிர் நீத்தார். அக்கட்டடம் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனுக்கு உரியதாகி, 1959-இல் திறக்கப்பட்டது. எல்.ஐ.சி. கட்டடம் என நாம் அறிவது அதுவே. அவர் நிறுவிய பாங்கு, 1969 ஜூலை 19-ஆம் நாள் வேறு 13 பாங்குகளுடன் நாட்டுடைமையாயிற்று. நிறுவியவர் மறைந்தும், குடும்பத்தின் கையினின்று நீங்கியும், அது இன்றும் நடந்து வருகின்றது. ஒருவரையே சாராது கணக்கையும் சட்டத்தையும் சார்ந்து நிற்கும் நிலையத்தின் வலிமை அத்தகையது.

நண்பர்காள்! பாங்கு நிறுவுதல் நம் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆயின் பெட்டியடிப் பையன் கற்ற பாடம் யாவர்க்கும் இயலும். நாள்தோறும் செலவை எழுதி, திங்கள் முடிவில் ஐந்தொகை காண்போமாக. உதவித்தொகையாக வந்ததையும், கடனாக வந்ததையும் நமதென மயங்காது வேறு பிரித்து வைப்போமாக. கைப்பேசியைத் தொட்டவளவிற் கடன் கிடைக்கும் இந்நாளில், அப்பிரிவினை முன்னினும் இன்றியமையாதது. சேமிப்பு சிறிதாயினும் அதனை ஓரிடத்தே குவியாது, கணக்குக் காட்டும் இடங்களிற் பகுத்து வைப்போமாக. இயன்றவொரு கூற்றை இல்லாதார்க்கு ஒதுக்குவோமாக. இவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், அதனை நாள்தவறாது திறக்கும் உறுதியும் போதும்.