இரத்தத்துள் ஓர் எதிரியைக் கண்டவர்

மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பதை இன்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் 19 ஆம் நூற்றாண்டில், சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றே இந்நோயைத் தருகிறது எனப் பெரும் வைத்தியர்களும் நம்பினர். இத்தாலிய மொழியில் மலேரியா என்பதன் பொருளே கெட்ட காற்றுத்தான். அந்த நம்பிக்கையை அசைத்தவர் அல்போன்ஸ் லவரான்.

இவர் 1845 ஜூன் 18 ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் இராணுவ வைத்தியர். மகனும் அதே வழியில் சென்று, ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் கற்று 1867 இல் பட்டம் பெற்றார். 1878 இல் இராணுவ சேவைக்காக அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே மலேரியாவால் வாடிய போர்வீரர்கள் பலர். இறந்தவர்களின் உறுப்புகளில் கரிய துணிக்கைகள் படிந்திருப்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. அவை எங்கிருந்து வருகின்றன? இந்தக் கேள்வி லவரானை விடவில்லை. இறந்தவர் உடலில் தேடுவதோடு நிற்காமல், நோயாளியின் இரத்தத்தை உயிர்ப்போடு பார்க்கத் தொடங்கினார்.

1880 நவம்பர் 6 ஆம் திகதி, கொன்ஸ்டன்டைன் நகர இராணுவ வைத்தியசாலையில், ஒரு வீரரின் இரத்தத் துளியைச் சாயமிடாமல் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். கரிய துணிக்கைகள் கொண்ட உருண்டையொன்றிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டைபோல் சுழன்றடித்து, அருகிலிருந்த செங்குழியங்களைத் தள்ளின. அசைவது உயிருள்ளது என்பதை அவர் அக்கணமே உணர்ந்தார். இரத்தத்தை உலர்த்திச் சாயமிட்டால் ஒட்டுண்ணி இறந்துவிடும், அசைவைக் காணமுடியாது. அவ்விழைகள் ஒட்டுண்ணியின் ஆண் கலங்கள் என்பதும், இயல்பில் அவை நுளம்பின் வயிற்றிலேயே வெளிப்படும் என்பதும் பின்னரே தெரியவந்தன. உடலை விட்டு வெளியேறிய இரத்தம் குளிர்ந்ததால்தான் அவை கண்ணாடித் தகட்டிலேயே தோன்றின.

192 நோயாளிகளைச் சோதித்த லவரான், 148 பேரின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். எனினும் அறிஞர்கள் இலகுவில் ஏற்கவில்லை. மலேரியாவுக்கு ஒரு பற்றீரியாவே காரணம் என்ற கருத்து அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது. அவர் மனந்தளராமல் 1882 இல் ரோம் நகருக்குச் சென்று, அங்குள்ள நோயாளிகளிடமும் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். காலப்போக்கில் பாஸ்டர் போன்ற மேதைகளும் ஏற்றுக்கொண்டனர். நுளம்பே இந்நோயைப் பரப்பக்கூடும் என்றும் லவரான் ஊகித்தார். 1897 இல் இந்தியாவில் ரொனால்ட் ரொஸ், மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் வயிற்றில் வளர்வதைக் கண்டார்.

இந்தத் தனிக்கல உயிரி எவ்வாறு செங்குழியத்துள் நுழைகிறது? பின்வந்தோரின் ஆய்வுகள் இதனை விளக்கின. முதலில் அது செங்குழியத்தில் ஒட்டிக்கொள்கிறது. பின் திரும்பித் தன் கூரிய முனையை அதன்மீது பதிக்கிறது. அங்கே இறுக்கமான பிணைப்பொன்றை உண்டாக்கி, தன்னுள் இருக்கும் தசை போன்ற புரதங்களின் விசையால் உள்ளே வழுக்கிச் செல்கிறது. செங்குழியத்தின் மென்சவ்வே உட்புறம் மடிந்து அதனைப் போர்த்திவிடும். எல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் முடிந்துவிடும். உள்ளே அது ஈமோகுளோபினை உண்கிறது. அதன் கழிவே லவரானை அலைக்கழித்த அந்தக் கரிய துணிக்கை. பெருகிய ஒட்டுண்ணிகள் செங்குழியத்தை வெடித்து வெளியேறும்போதே குளிரும் காய்ச்சலும் வாட்டுகின்றன.

1896 இல் இராணுவத்தை விட்டு விலகிய லவரான், பாஸ்டர் நிறுவனத்தில் சம்பளமின்றி ஆய்வைத் தொடர்ந்தார். 1907 இல் நோபல் பரிசு கிடைத்தபோது அதில் பாதியை அங்கே வெப்பவலய நோய்களுக்கான ஆய்வுகூடம் அமைக்க வழங்கினார். 1922 மே 18 ஆம் திகதி பாரிஸில் காலமானார்.

1934, 35 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது மலேரியா. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த நீண்ட பயணத்தின் தொடக்கத்தில் ஒரு துளி இரத்தமும், அதைப் பொறுமையோடு நோக்கிய இரு கண்களும் இருந்தன. மாணவிகளே, அடுத்த முறை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமரும்போது அவசரப்படாதீர்கள்; இன்னும் சற்று நேரம் பாருங்கள்.