புறத்தே தோன்றாப் பிணியும் சுவாமி விவேகாநந்தரும்

உடம்பிற் காணப்படும் புண்ணுக்கு ஊரார் இரங்குவர். உள்ளிருந்து வருத்தும் பிணிக்கு இரங்குவார் அரியர். அப்பிணியாளன் சோர்ந்திருப்பின் சோம்பன் என்பர். ஓய்ந்திருப்பின் கடமை தவறினான் என்பர். இத்தகைய பிணியொன்றைத் தாங்கிக்கொண்டே மனந்தளராது பெரும்பணி புரிந்தவர் சுவாமி விவேகாநந்தர். அவர் வரலாற்றின் இப்பகுதி ஆசிரியராகிய நம்மனோர் சிந்திக்கற்பாலது.

சுவாமிகள் 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆந் தேதி கல்கத்தாவிலே பிறந்தார். அன்னையார் புவனேசுவரி தேவியார் காசியிலுள்ள வீரேசுவரப் பெருமானுக்கு வழிபாடு செய்வித்துப் பெற்ற பிள்ளை அவர். நரேந்திரநாதர் என்னும் பெயருடன் ஸ்கொத்லாந்துப் பாதிரிமாரின் கல்லூரியிலே பயின்றார். பின்பு ஸ்ரீ இராமகிருஷ்ணரை அடைந்து துறவு பூண்டார். 1893இல் சிக்காகோ நகரத்துச் சர்வசமய மகாசபையிலே பேசிப் பெரும்புகழ் எய்தினார்.

1897 ஜனவரி 15ஆந் தேதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமிகள், கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணஞ் சென்று பிரசங்கித்தார். கட்டமைந்த திருமேனியையும் கம்பீரமான குரலையுங் கண்டு கேட்டு மகிழ்ந்த மக்கள், அச்சரீரத்தைப் பற்றியிருந்த நலிவை எங்ஙனம் அறிவர்? சில வாரங்களுள் அவர் ஓய்வின்பொருட்டு டார்ஜிலிங் மலைக்குச் செல்ல நேர்ந்தது. நோய் நீரிழிவு. அதற்குரிய இன்சுலின் மருந்து மனிதர்க்கு முதன்முதல் ஏற்றப்பட்டது 1922இலேயாம். அந்நாளிற் பத்தியமும் ஓய்வுமே வைத்தியர் சொல்லக்கூடியவை.

சுவாமிகள் நோயை மறுத்திலர், அதற்கு அடிமையாகவுமில்லை. அவ்வாண்டு மே மாதம் முதலாந் தேதியே இராமகிருஷ்ண சங்கத்தை நிறுவி, தம் ஒருவர் தோளிற் கிடந்த பணியைப் பலர் தோள்களுக்குப் பகிர்ந்தார். 1898இல் பனிமலையேறி அமரநாதப் பெருமானைத் தரிசித்தபின் இருதயமும் நலிந்தது, ஈளைநோயும் வருத்தியது. ஆயினும் மீண்டும் மேலைநாடு சென்று 1900 டிசம்பரில் திரும்பினார். அடுத்த ஆண்டில் மடத்தின் தலைமையைச் சுவாமி பிரமாநந்தரிடம் ஒப்புவித்தார். தலைமையை விடுதல் பலர்க்கு நோயினுங் கொடிது. அவர்க்கு அது சுமையிறக்கமாயிற்று.

அவர் எந்நாளும் நகைமுகத்தோடிருந்தார் என்று கூறுதல் உண்மையாகாது. அயர்ச்சியும் சலிப்பும் அவர்தங் கடிதங்களிற் காணப்படும். உப்பும் நீரும் விலக்குமாறு ஆயுள்வேத வைத்தியர் விதித்தபோது அதற்கும் உட்பட்டார். பேலூர் மடத்திலே ஆட்டுக்குட்டியோடும் நாயோடும் வாத்துக்களோடும் குழந்தைபோல் விளையாடித் துயர் மறந்தார். 1902 ஜூலை 4ஆந் தேதி, காலையில் தியானித்து, பின்பு பிரமசாரிகட்கு வடமொழி இலக்கணம் போதித்து, மாலையில் உலாவி வந்து, இரவிலே தமது 39ஆம் வயதில் சரீரத்தை நீத்தார். கடைசி நாளும் பாடஞ்சொல்லும் நாளாகவே கழிந்தது.

நம் திருக்கோணமலைத் துறைமுகப் பட்டினத்துக்குச் சுவாமிகள் வந்திலர். அவர் பகிர்ந்த பணியோ வந்தது. அவர் சங்கம் இங்குள்ள இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்க, விபுலாநந்த அடிகள் அதன் அதிபராயிருந்து உழைத்தார்.

இதனை எழுதுவோனும் பல்லாண்டாக நீரிழிவுடையேன். எனக்கு அந்நோய் வருமுன்னர், வகுப்பினின்று அடிக்கடி வெளியே செல்ல விடைகேட்ட மாணாக்கன் ஒருவனைப் பலர்முன் கடிந்தேன். அவனுக்கு இந்நோய் உண்டென்பது பின்னரே தெரிந்தது. அன்று அவன் தலைகுனிந்து நின்ற நிலை இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆதலின், உபாத்தியாய அன்பர்களே, நோயுடையீராயின் நும் பணியைப் பிறரோடு பகிர்மின். அன்றன்றைக்கு இயன்ற பாடத்தைச் செவ்வனே சொல்லுமின். நோயற்றீராயின், சோர்ந்திருக்கும் பிள்ளையைக் கடியுமுன் அருகழைத்து வினவுமின். கோணேசப் பெருமான் திருவருள் நம்மெல்லோர்க்குந் துணைநிற்பதாக.