வயலின் செய்த மார்ஷல்... சொந்த நாடே சுட்டுக் கொன்ற கதை!

ஓய்வு நேரத்துல மரம் செதுக்கி, வார்னிஷ் பூசி, வயலின் செய்ற ஒரு ராணுவத் தளபதியை உங்களால கற்பனை பண்ண முடியுதா? மிகைல் துகாசெவ்ஸ்கி அப்படிப்பட்டவர்தான். இசைமேதை ஷோஸ்தகோவிச்சின் நண்பர். ஆனா, உலகம் இவரை நினைவுல வெச்சிருக்கிறது வயலினுக்காக இல்ல!

1893-ல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியில், நொடிந்துபோன பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் சிக்கினார். திரும்பத் திரும்ப தப்பிக்கப் பார்த்ததால் இங்கோல்ஸ்டாட் கோட்டையில் அடைத்தார்கள். அங்கே கூடவே இருந்த இன்னொரு கைதி யார் தெரியுமா? பின்னாளில் பிரான்ஸ் அதிபரான சார்ல் தெகோல்!

1917-ல் ஒருவழியா தப்பி வந்தவர், மறுவருஷமே செம்படையில் சேர்ந்தார். 27 வயசுல ஒரு பெரும்படையோடு வார்சா வாசல் வரை போயிட்டார். அங்கேதான் அடி. படை ஓடுன வேகத்துக்குப் பின்னாடி இருந்து உணவும் குண்டும் வந்துசேரல. தெற்கே இருந்த இன்னொரு ரஷ்யப் படை உதவிக்கு வராம வேற ஊரைப் பிடிக்கப் போயிடுச்சு. அந்தப் படையின் அரசியல் பொறுப்பாளர்... ஸ்டாலின். இந்தக் கசப்பை ரெண்டு பேருமே மறக்கல.

அந்தத் தோல்விதான் அவரை யோசிக்க வெச்சது. எதிரியின் முன்வரிசையை மட்டும் அடிச்சா, பின்னாடி இருக்கிறவங்க ஓட்டையை அடைச்சுடுவாங்க. அதனால பீரங்கி, விமானம், டாங்கி, பாராசூட் வீரர்னு எல்லாத்தையும் ஒரே சமயத்துல இறக்கி, எதிரியை முன்னாலிருந்து கடைசி வரைக்கும் சேர்த்து அடிக்கணும். இதுக்குப் பேர் 'ஆழப் போர்'. ட்ரியாண்டஃபிலோவ் போன்றவர்களும் சேர்ந்து வளர்த்த இந்த யோசனை, 1936-ல் செம்படையின் போர் விதிப் புத்தகத்திலேயே இடம்பிடிச்சது.

ஹீரோன்னு உடனே கொண்டாடிடாதீங்க. 1921-ல் தம்போவ் காடுகளில் ஒளிஞ்சிருந்த விவசாயப் போராளிகள் மேல விஷவாயு பயன்படுத்த உத்தரவு போட்டவரும் இவரே. இன்னொண்ணும் இருக்கு. 'போர் சீக்கிரம் முடியாது, நீண்டகாலத்துக்குத் தயாரா இருங்க' என்ற கருத்தைச் சொன்ன ஸ்வெசின் என்ற அறிஞரை, 1931-ல் அவர் கைதாகிக் கிடந்தப்போ வரிஞ்சு கட்டித் தாக்கினார். பதில் சொல்ல முடியாத ஆளை அடிக்கிறது என்ன வீரம்?

1937 மே மாசம் அவர் கதவும் தட்டப்பட்டது. ஜெர்மனியின் உளவாளினு பொய்க் குற்றச்சாட்டு. அவரோட வாக்குமூலத் தாள்களில் ரத்தக் கறை இருந்தது பல வருஷம் கழிச்சுதான் வெளியே வந்துச்சு. ஜூன் மாசம் ஒரே நாள் விசாரணை. அன்னிக்கு ராத்திரியே சுட்டுட்டாங்க. மனைவி, ரெண்டு சகோதரர்கள்னு அவங்களையும் விட்டுவைக்கல. அடுத்த வருஷம் ஸ்வெசினுக்கும் அதே முடிவு.

அவர் வளர்த்த டாங்கிப் படைப்பிரிவுகளை 1939-ல் கலைச்சாங்க. 1941-ல் ஹிட்லரின் படை உள்ளே புகுந்தப்போதான், என்ன தொலைச்சோம்னு புரிஞ்சது. 1944-ல் பெலாரஸில் ஜெர்மானியப் படையைச் சிதறடிச்ச 'பக்ராத்தியோன்' தாக்குதல்ல அந்த ஆழப் போர் முறைதான் திரும்பி வந்துச்சு. ஆனாலும் அவர் குற்றமற்றவர்னு அரசாங்கம் அறிவிக்க 1957 ஆச்சு. அதுக்கு ஸ்டாலின் சாக வேண்டியிருந்தது.