தஞ்சைப் பண்டிதரும் பன்னிரண்டு கட்டைகளும்

தஞ்சாவூர் ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதரைச் சித்த வைத்தியராக அறிந்தவர்கள் அநேகர். 1859 ஆகஸ்டு 2-ம் தேதி தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, சுருளி மலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் வைத்தியம் கற்றவர். 1883-ல் தஞ்சைக்கு வந்து பள்ளியில் தமிழ் போதித்தார். சில ஆண்டுகளில் அதை விட்டு வைத்தியமே தொழிலாகக் கொண்டார். ஊருக்கு வெளியே அவர் உண்டாக்கிய மூலிகைத் தோட்டத்தை ஜனங்கள் பண்டிதர் தோட்டம் என்றார்கள்.

சங்கீதம் அவருக்குப் பிழைப்பல்ல, தீராத ஆசை. திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தரிடம் கர்நாடக இசையும், தஞ்சை பிச்சைமுத்துப் பிள்ளையிடம் மேனாட்டு இசையும் பயின்றார். அங்கேதான் ஒரு கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

நம் கோவில் ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம், அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை சுத்தமாக ஏறினால் மறுபடி ஸட்ஜமத்தில் நிற்க வேண்டும் அல்லவா? நிற்காது. அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும். பழைய ஐரோப்பிய ஆர்கன்களில் இந்தக் கோளாறை ஒரு மூலையில் ஒதுக்கினார்கள்; அந்த மூலையைத் தொட்டால் ஊளையிடும், ஆகையால் அதற்கு ஓநாய் என்றே பெயர். ஜெர்மனியில் பாக் என்னும் மேதை 1722-ல், எந்தக் கட்டையை ஆதாரமாகக் கொண்டாலும் காது கூசாதபடி சுருதி கூட்டிய வாத்தியத்துக்கென்று 24 ஜோடி உருப்படிகளைத் தொகுத்தார். எப்படிக் கூட்டுவது என்று மட்டும் எழுதி வைக்கவில்லை! வாசிப்பவர்கள் இன்றும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள். பிற்காலப் பியானோவில் மிச்சத்தைப் பன்னிரண்டுக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டார்கள்.

பண்டிதர் இதைக் கண்டு, சமபங்கு நம்மவர்க்குப் புதிதல்ல என்றார். சிலப்பதிகாரம் குறிக்கும் ஆயப்பாலை, வட்டப்பாலை முறைகளில் அதுவே அடங்கியிருக்கிறது; ஸ்தாயிக்குச் சுருதி 24, சாரங்கதேவர் சொன்ன 22 அல்ல என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி லேசானதல்ல. தேவல் என்பவரும் கிளெமெண்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியும் 22 சுருதிக்கென்று தனி ஹார்மோனியமே செய்வித்திருந்தார்கள். பண்டிதரோ 1912-ல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் கண்டு, சொந்தச் செலவில் வித்வான்களை அழைத்து மாநாடுகள் கூட்டினார். 1916-ல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியபோது மகள்மார் மரகதவல்லியையும் கனகவல்லியையும் அழைத்துப்போய், வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். பெண்கள் சபை ஏறத் தயங்கிய அக்காலத்தில் இது கணக்கைவிடத் துணிச்சலான காரியம் என்பேன்.

மறு ஆண்டே கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், குருவின் பெயர் தாங்கி, சொந்த அச்சகத்தில். சிலப்பதிகாரத்துக்கு அவர் சொன்ன பொருளை எல்லா அறிஞர்களும் ஒப்பவில்லை. கமகத்தில் அசையும் சுரத்தைச் சமபங்கில் கட்டலாமா என்ற ஐயம் நியாயமானதே. அவரும் சில ராகங்களில் 24-க்கு மேலும் நுட்பமான சுருதிகள் வருவதை ஒப்புக்கொண்டவர்தான்.

1919 ஆகஸ்டு 31-ம் தேதி காலமானார். நூலின் இரண்டாம் பாகம் 1946-ல்தான் அச்சேறியது.