கல்வி தேடி நடந்த துறவி

யுவான் சுவாங் என்னும் பெயரைப் பள்ளியில் படிக்காதவர் நம்மில் இலர். ஹர்ஷர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் என்று தேர்வில் இரண்டு வரி எழுதிவிட்டு, அத்துடன் அவரை மறந்தவர்களே பெரும்பாலோர். உண்மையில் அவரை யாத்திரிகர் என்பதினும் மாணவர் என்பதே பொருந்தும். நம் பிள்ளைகள் மேற்படிப்புக்காக அயல்நாடு செல்ல விசாவுக்குக் காத்திருக்கும் சில வாரங்களே நமக்கு ஒரு யுகமாகத் தோன்றுகின்றன. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன், அரசின் அனுமதி கிடையாமல், துணையும் இல்லாமல், கல்வி ஒன்றையே குறித்துப் புறப்பட்ட இப்பெருமகனாரின் பயணத்தை அறிந்துகொள்வது நமக்குப் பயன்தரும்.

அவர் பிறந்தது 602-ஆம் ஆண்டளவில், சீனத்தின் லோயாங் நகரை அடுத்த ஊரில். கற்றறிந்த குடும்பத்தில் நான்கு ஆண்மக்களுள் இளையவர். தமையனார் ஒருவர் முன்பே பௌத்தத் துறவியாகியிருந்தார். தம்பியும் பதின்மூன்றாம் வயதில் மடத்தில் சேர்ந்தார். நாட்டில் உள்ள ஆசிரியர் பலரிடமும் பாடம் கேட்டார். கேட்கக் கேட்க ஐயம் பெருகிற்று. மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆசிரியர்களும் ஒருவருக்கொருவர் மாறுபட்டு உரைத்தனர். மூலநூல்களை அவை பிறந்த நாட்டிலேயே கற்றாலன்றித் தெளிவு பிறவாது என்று துணிந்தார். அவர் சிறப்பாக வேண்டியது யோகாசார நெறியின் பெருநூலாகிய யோகாசார பூமி.

அந்நாளில் தாங் பேரரசு புதிதாக நிலைகொண்டிருந்தது. எல்லையைக் கடந்து மேற்கே செல்ல எவருக்கும் அனுமதி இல்லை. அவர் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. உடன்வருவதாக இருந்தவர்கள் பின்வாங்கினர். அவர் பின்வாங்கவில்லை. 629-ஆம் ஆண்டில் (627 என்று கொள்வாரும் உளர்) தலைநகராகிய சாங்கானை விட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

லியாங்சௌ நகரில் ஆளுநர் அவரைத் திரும்பிப் போகுமாறு ஆணையிட்டார். அவ்வூர்த் துறவி ஒருவர் தம் மாணவர் இருவரைத் துணைகூட்டி, மறைவாக அவரை அனுப்பி வைத்தார். பகலில் ஒளிந்து இரவில் நடந்து எல்லைப்புறத்துக் குவாசௌவை அடைந்தனர். அங்கே அவருடைய குதிரை இறந்தது. அவரைப் பிடிக்கும்படி ஆணையும் வந்து சேர்ந்தது. ஆனால் அதனைக் கையில் வைத்திருந்த அதிகாரி, இவருடைய நோக்கத்தை அறிந்ததும் அவ்வோலையை இவர் கண்முன்னேயே கிழித்தெறிந்து, விரைந்து செல்லுமாறு கூறினார்.

துணைவந்த இருவரும் பிரிந்தனர். வழிகாட்டியாக வர அயல்நாட்டார் ஒருவர் ஒப்புக்கொண்டார். பாலையைப் பதினைந்து முறை கடந்து பழகியது என்று சொல்லி, முதியவர் ஒருவர் தம் மெலிந்த செந்நிறக் குதிரையைக் கொடுத்து, துறவியின் குதிரையை மாற்றாகப் பெற்றுக்கொண்டார். எல்லையாற்றைக் கடந்த இரவில், வழிகாட்டி உருவிய கத்தியுடன் துறவியை நெருங்கி வந்தான். அவர் எழுந்து அமர்ந்து வழிபாட்டில் ஆழ்ந்தார், அவனும் பின்வாங்கினான். பிடிபட்டால் தன் குடும்பத்துக்குத் தண்டனை வருமே என்னும் அச்சமே அவனை அலைத்தது. பொழுது விடிந்ததும் துறவி அவனைக் கடிந்துகொள்ளாமல் விடை கொடுத்து அனுப்பினார்.

பிறகு அவர் தனியர். மணலில் சிதறிக் கிடந்த எலும்புகளும் விலங்குகளின் சாணமுமே வழியைக் காட்டின. எல்லைக் காவற்கோபுரங்கள் ஐந்தனுள் முதலாவதன் அருகே இரவில் நீர் முகந்தபோது அம்புகள் பறந்து வந்தன. ஒன்று முழங்காலை உராய்வதுபோல் சென்றது. தாம் தலைநகரத்துத் துறவி என்று குரல் கொடுத்து வெளிப்பட்டார். காவல் தலைவர் பௌத்தர். திரும்பிவிடுமாறு முதலில் வற்புறுத்திய அவரே, இவருடைய உறுதியைக் கண்டு உணவும் நீரும் தந்து வழியும் கூறினார். நான்காம் கோபுரத்துக் காவலரும் பெரிய நீர்ப்பை ஒன்றைத் தந்து உதவினார்.

அதற்கு அப்பால் எண்ணூறு லீ தொலைவுக்குப் பரந்த பாலை. பறவையும் விலங்கும் புல்லும் நீரும் இல்லாத வெளி. அதில் வழி தவறினார். குடிப்பதற்காக எடுத்த நீர்ப்பை கனத்தால் கைநழுவி விழ, பல நாளைக்கென இருந்த நீர் முழுவதும் ஒரு நொடியில் மணலில் மறைந்தது. வேறு வழியின்றிக் கிழக்கே திரும்பிப் பத்து லீ, அதாவது ஏறத்தாழ மூன்று மைல், நடந்தார். அப்பொழுது அவர் உள்ளத்தில் தம் சபதம் எழுந்தது. இந்தியாவை அடையாமல் கிழக்கு நோக்கி ஓரடியும் வைப்பதில்லை என்று உறுதி பூண்டவர் அவர். கிழக்கே சென்று வாழ்வதினும் மேற்கே சென்று மாய்வதே மேல் என்று எண்ணிக் குதிரையைத் திருப்பினார்.

அவர் வாழ்வில் மிகப் பெரிய செயல் எது என்று கேட்டால், நாளந்தாவில் வென்ற வாதங்களையோ மொழிபெயர்த்த நூல்களையோ கூறமாட்டேன். இந்தத் திருப்பத்தையே கூறுவேன்.

நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் தொண்டையில் இறங்கவில்லை. மணலில் சோர்ந்து வீழ்ந்தார். ஐந்தாம் இரவில் குளிர்ந்த காற்று வீச, உணர்வு மீண்டு எழுந்து சிறிது தூரம் சென்றதும் அக்கிழக்குதிரை அவர் இழுத்த திசைக்கு வராமல் வேறொரு பக்கமாக விரைந்தது. அங்கே பசும்புல்லும் தெளிந்த நீர்க்குளமும் இருந்தன. மேலும் இரண்டு நாளில் ஹாமியை அடைந்தார். அங்கிருந்த முதிய சீனத் துறவி ஒருவர் தம் நாட்டு மனிதரைக் கண்டதும் ஓடிவந்து தழுவிக் கண்ணீர் பெருக்கினார். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அக்கண்ணீரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அடுத்த இடையூறு அன்பின் வடிவில் வந்தது. துருபான் பகுதியை ஆண்ட கௌசாங் மன்னர், இவரைத் தம் நாட்டின் குருவாக என்றும் இருக்குமாறு வேண்டினார். இசையாமை கண்டு தடுத்தும் வைத்தார். துறவி உண்ணாநோன்பு மேற்கொண்டார். நான்காம் நாள் அவர் மூச்சு மெலிந்ததைக் கண்டு மன்னர் அஞ்சி மனம் மாறினார். இருவரும் உடன்பிறந்தாராக உறவு கொண்டனர். திரும்பும்போது அந்நாட்டில் மூன்றாண்டு தங்குவதாகத் துறவி வாக்களித்தார். மன்னர் நூறு லியாங் எடைப் பொன், 30,000 வெள்ளிக் காசு, 500 சுருள் பட்டு, 30 குதிரை, 25 ஏவலர், வழியிலுள்ள நாடுகளுக்கு 24 ஓலைகள் ஆகியவற்றைத் தந்து விடைகொடுத்தார்.

அவ்வளவு துணை இருந்தும் மலை இரக்கம் காட்டவில்லை. தியான்சான் மலைத்தொடரின் பனியைக் கடக்க ஏழு நாள் ஆயின. உடன்வந்தோருள் பத்துக்கு மூவரோ நால்வரோ குளிராலும் பசியாலும் மாண்டனர். பின்னர்ச் சாமர்கண்டு, பாமியான், காந்தாரம் ஆகிய நாடுகள் வழியாக இந்தியாவை அடைந்து, காசுமீரத்தில் ஈராண்டு கற்றார். கங்கையாற்றில் கொள்ளையர் அவரைத் துர்க்கைக்குப் பலியிட முனைந்ததும், திடீரென எழுந்த புயலைக் கண்டு அஞ்சி விடுத்ததும் அவர் மாணவர் எழுதிய வரலாற்றில் காணப்படுகின்றன.

இறுதியில் நாளந்தாவை அடைந்தார். அங்கே தலைமை ஆசிரியர் சீலபத்திரர். நூறு வயதைக் கடந்தவர் என்பது மரபு. அம்முதியவர், தேடி வந்த மாணவருக்கு யோகாசார பூமியைப் பதினைந்து திங்கள் பாடம் சொன்னார். நாள்தோறும் மகாசாலி என்னும் உயர்ந்த அரிசியும் இருபது பாக்கும் பிறவும் இவருக்கு அளிக்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்தாண்டு அங்கே கற்றார்.

இதில் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர். காஞ்சியிலிருந்து வடக்கே சென்று நாளந்தாவில் தலைமை தாங்கிய அவருடைய கல்வியே, சீலபத்திரர் வாயிலாகச் சீனத்து மாணவரைச் சேர்ந்தது. ஏறத்தாழ 640-இல் தெற்கே வந்த யுவான் சுவாங், காஞ்சி தருமபாலர் பிறந்த ஊர் என்பதையும், அந்நாட்டு மக்கள் கல்வியைப் பெரிதும் மதிப்பவர்கள் என்பதையும் தம் நூலில் மறவாமற் குறித்தார்.

நாடு திரும்பக் கடல்வழி இருந்தும், கௌசாங் மன்னருக்களித்த வாக்கை எண்ணித் தரைவழியையே தேர்ந்தார். ஆனால் 640-இலேயே அம்மன்னர் மறைந்து, அந்நாடு தாங் பேரரசில் அடங்கிவிட்டது. வாக்கு இருந்தது, பெற்றுக்கொள்ள நண்பர் இல்லை. 645-இல் 657 நூல்களைச் சுமந்து சாங்கானை அடைந்தார். அனுமதியின்றிச் சென்றவரை அதே பேரரசு பெருஞ்சிறப்புடன் வரவேற்றது. எஞ்சிய பத்தொன்பது ஆண்டும் மொழிபெயர்ப்பிலேயே கழிந்தன. எழுபத்தைந்து நூல்களைச் சீனத்தில் ஆக்கி 664-இல் மறைந்தார். அவருடைய குறிப்புகளைத் துணைக்கொண்டே 1861-இல் கன்னிங்காம், மண்மூடிக் கிடந்த நாளந்தாவை இன்ன இடம் என்று அடையாளம் கண்டார். நம் நாடு அவருக்கு அளித்த கல்வியை, நம் வரலாறாகவே அவர் நமக்குத் திருப்பித் தந்தார் எனலாம்.

நம் பிள்ளைகள் தொலைநாடு செல்லும் நாளில் பெட்டியில் எவ்வளவோ பொருள்களை அடுக்குகிறோம். நீர்ப்பை கைநழுவும் நாள் எவர் வாழ்விலும் வரும். அந்நாளில் எத்திசை திரும்புவது என்பதை எவரும் பெட்டியில் வைத்து அனுப்ப இயலாது. அதை அவரவர் உள்ளத்திலேயே வளர்க்கவேண்டும். ஓலையைக் கிழித்த அதிகாரியும், குதிரை தந்த முதியவரும், நீர் தந்த காவலரும் இல்லையேல் அத்துறவியின் உறுதி ஒன்றே அவரைக் கரைசேர்த்திராது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. கற்கச் செல்வோருக்கு உறுதி வேண்டும். அவர்கள் கடந்து செல்லும் வழியில் இருப்போருக்கு இரக்கம் வேண்டும். புதிய ஊரில் புதிதாக வந்திறங்கும் மாணவருக்கு நம் வீட்டு வாயில் திறந்திருக்குமாயின், அப்பெரியாரின் பயணத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.