சிரிப்பினால் கணக்குக் கேட்ட கலைஞர்

அதிகாரத்தில் இருப்போர் கண்டனக் கட்டுரைக்கு அஞ்சுவதைக் காட்டிலும் கேலிச்சித்திரத்துக்கு அதிகம் அஞ்சுவர். கட்டுரைக்கு மறுப்பு எழுதலாம். ஊர் சிரித்த சிரிப்புக்கு மறுப்பு எழுத முடியாது. இந்த உண்மையை யாழ்ப்பாண மண்ணில் வாழ்ந்து காட்டியவர் 'சிரித்திரன்' சுந்தர் என்று அனைவராலும் அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம் ஆவார்.

வடமராட்சியின் கரவெட்டியில் 1924ஆம் ஆண்டு பிறந்த அவர், கட்டடக் கலை பயில்வதற்காகப் பம்பாய் சென்றார். அங்கே அவரை ஆட்கொண்டது கேலிச்சித்திரக் கலையே. கட்டடம் வரைய வேண்டிய கை மனிதர்களின் கோணல்களை வரையத் தொடங்கியது. நாடு திரும்பியபின் தினகரன் பத்திரிகையில் அவர் படைத்த சவாரித் தம்பர், தமிழ் வாசகர்களின் வீடுகளுக்குள் ஓர் உறவினரைப் போல நுழைந்தார்.

1963இல் கொழும்பில் சிரித்திரன் சஞ்சிகையை அவர் ஆரம்பித்தார். எழுபதுகளில் அது யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் எமது கிராமத்து மனிதர்களாகவே பேசினர். தாமோதரன் என்ற நல்ல தமிழ்ப் பெயரை டாமோடிரன் ஆக்கிக்கொண்ட குடும்பத்தின் மூலம் போலி நாகரிகம் நகைப்புக்குள்ளானது. மகுடி என்ற பெயரில் வெளிவந்த கேள்வி பதில்களுக்காகவே சஞ்சிகையை வாங்கியோர் பலர். சாதிச் செருக்கு, சீதனப் பேரம், பதவி மோகம் எனச் சமூகத்தின் நோய்கள் எவையும் அவருடைய தூரிகைக்குத் தப்பவில்லை.

கேலிச்சித்திரம் ஒரு நகர நிர்வாகத்தையே அசைத்த வரலாறும் உண்டு. நியூயோர்க் நகரின் பொதுப்பணத்தைச் சூறையாடிய வில்லியம் ட்வீட் குழுவினரை, ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் தோமஸ் நாஸ்ட் இடைவிடாது வரைந்தார். நீதிமன்றக் கட்டடம் ஒன்றின் பெயரால் மட்டும் பல மில்லியன் டொலர்கள் கைமாறியிருந்தன. எழுத்தறியாத ஏழைக் குடியேறிகளுக்கும் அந்தச் சித்திரங்கள் விளங்கின. 1873இல் குற்றவாளியாகக் காணப்பட்ட ட்வீட், 1875இல் காவலில் இருந்து தப்பியோடி, மறு ஆண்டு ஸ்பெயினில் பிடிபட்டார். அவரை அடையாளங்காண உதவியது நாஸ்டின் சித்திரமே. 1878இல் அவர் சிறையிலேயே மாண்டார்.

எனினும் நாஸ்டின் வெற்றி தூரிகையால் மட்டும் கிடைத்ததன்று என்பதை நாம் மறத்தலாகாது. 1871இல் நியூயோர்க் டைம்ஸ் நகரின் கணக்குகளை ஆதாரத்துடன் வெளியிட்டது. அதே ஆண்டின் தேர்தலில் மக்கள் அக்குழுவினர் பலரைத் தோற்கடித்தனர். நீதிமன்றம் விசாரித்தது. சித்திரம் மக்களின் சினத்தைத் தூண்டியது; அந்தச் சினம் சென்றடைய வாக்குப் பெட்டி ஒன்று இருந்தது.

சுந்தரின் மண்ணில் அந்தப் பெட்டி நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 1983இல் தேர்தல் நடந்த யாழ். மாநகர சபைக்கு, அடுத்த தேர்தல் 1998இலேயே நடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் இம்மண் அடைந்த அவலங்கள் பல. 1990இல் முஸ்லிம் மக்கள் தமது வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே வெறிச்சோடும் வண்ணம் மக்கள் இடம்பெயர்ந்தனர். அச்சகங்களும் சஞ்சிகைகளும் போரின் வாய்க்குள் சிக்கின. சிரித்திரனும் அதற்கு விலக்கல்ல. 1996 மார்ச் 3ஆம் திகதி, தமது பிறந்த நாளிலேயே சுந்தர் மறைந்தார். யாழ்ப்பாணத்தவர் மாநகர சபைக்கு மீண்டும் வாக்களித்ததை அவர் காணவில்லை.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதம் வரை தேர்தல் நடைபெறவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் அதிகாரிகளே நிர்வகித்தனர். குப்பை அகற்றல், வடிகால், சந்தைக் கடை ஒதுக்கீடு, கட்டட அனுமதி ஆகியன சிறு விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் சாதாரண குடிமகன் அரசைச் சந்திப்பது இவற்றிலேதான். மீளக்குடியேறிய சோனகத் தெரு வாசியாயினும், கரையோரக் கடற்றொழிலாளியாயினும், அவர் செலுத்தும் வரிக்குரிய கணக்கைக் கேட்கும் உரிமை ஒன்றே.

வாக்குரிமை இல்லாத காலத்திலும் சிரிக்கும் உரிமையை மக்களிடம் காத்துவைத்தவர் சுந்தர். இன்று வாக்கும் இருக்கிறது, சபையும் இருக்கிறது. கேலிச்சித்திரமோ எமது பத்திரிகைகளில் அருகி வருகிறது. இக்குறை ஊடகத்துறையினரான எம்மையே சாரும். இளம் ஓவியர்களுக்கு இடமளித்து, அவர்கள் வரைவதைத் துணிவுடன் அச்சிடுவதே அக்கலைஞருக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலியாகும். ஆட்சியாளரும் தம்மைப் பற்றிய சித்திரத்தைக் கண்டு சினப்பதற்குமுன், அதில் உண்மை உண்டா என்று ஒருமுறை பார்ப்பது நன்று.