ரொபேர்ட் கொக்: எலிகளும் கினிப்பன்றிகளும் கற்றுத்தந்தவை

உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நாம் ரொபேர்ட் கொக்கின் பெயரைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். அவரது வாழ்வில் பெரிய வெற்றிகள் இருந்தன. பெரிய தவறுகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்து அறிவதே நமக்குப் பயன்.

1843 டிசம்பர் 11 ஆம் திகதி ஜேர்மனியின் கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் கொக் பிறந்தார். கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1866 இல் பட்டம் பெற்றார். 1872 இல், இன்று போலந்தில் இருக்கும் வொல்ஸ்ரைன் என்ற சிற்றூரில் மாவட்ட வைத்திய அதிகாரியானார்.

அங்கே விவசாயிகளின் ஆடுமாடுகளை அந்தராக்ஸ் நோய் கொன்றுகொண்டிருந்தது. இறந்த விலங்குகளின் இரத்தத்தில் கோல் வடிவ நுண்ணங்கிகள் இருப்பதைப் பிறர் முன்பே கண்டிருந்தனர். நோய்க்குக் காரணம் அவைதாமா என்பதை எவரும் ஐயமற நிறுவவில்லை. கொக்கிடம் ஆய்வுகூடம் இருக்கவில்லை. வீட்டிலேயே ஒரு நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு, நோயாளரைப் பார்த்து முடித்த நேரங்களில் ஆராய்ந்தார்.

நோயால் இறந்த விலங்கின் இரத்தத்தைச் சிறு மரச்சிராயில் தோய்த்து எலிகளின் உடலில் செலுத்தினார். எலிகள் இறந்தன. அவற்றின் இரத்தத்திலும் அதே கோல்கள் காணப்பட்டன. சுகமான விலங்கின் இரத்தம் செலுத்தப்பட்ட எலிகளுக்கு அந்நோய் வரவில்லை. பின்னர் மாட்டுக் கண்ணின் திரவத்தில் அக்கோல்களை வளர்த்தார். அவை நீண்ட இழைகளாகி வித்திகளை உருவாக்கின. மேய்ச்சல் நிலத்தில் நோய் ஏன் நெடுங்காலம் மறைந்திருக்கிறது என்பதற்கு அந்த வித்திகளே விடையாயின. 1876 இல் இவ்வாய்வு வெளியானது.

1880 இல் அவர் பேர்லினுக்கு அழைக்கப்பட்டார். பற்றீரியாக்களை வளர்க்க அங்கே பயன்படுத்திய ஜெலற்றின் சூட்டில் உருகிவிடும். கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஒருவரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் பயன்படுத்திய ஏகாரைப் பரிந்துரைத்தார். நோன்பு காலத்தில் நம் உம்மாமார் செய்யும் கடற்பாசியும் அதே ஏகார்தான்! சமையலறை அறிவு ஆய்வுகூடத்தையே மாற்றியது.

1882 மார்ச் 24 இல், கசநோய்க்குக் காரணமான பற்றீரியாவைக் கண்டறிந்ததாகக் கொக் அறிவித்தார். அதைத் தனியாக வளர்த்து, கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, அதே நோய் உண்டாவதைக் காட்டியிருந்தார். அந்நாளே இன்று உலக கசநோய் தினம்.

இத்தனை நிதானமாக நடந்தவர் 1890 இல் அவசரப்பட்டார். கசநோயைத் தடுத்து நிறுத்தும் மருந்தைக் கண்டுவிட்டதாகப் பேர்லின் மருத்துவ மாநாட்டில் கூறினார். அவரிடமிருந்த சான்று கினிப்பன்றிகளில் கண்ட பலனே. மருந்தில் என்ன இருக்கிறது என்பதையும் முதலில் வெளியிடவில்லை. நம்பிக்கையோடு நோயாளர்கள் பேர்லினில் குவிந்தனர். பலர் குணமடையவில்லை. சிலர் இறந்தும் போயினர். கினிப்பன்றி சொன்னது மனிதனுக்குப் பொருந்தவில்லை.

1901 இல் இலண்டனில் மற்றொரு தவறு நேர்ந்தது. மாட்டின் கசநோய் மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது, அதற்காகத் தடுப்பு நடவடிக்கை தேவையில்லை என்றார். நோயுற்ற பசுவின் பால் பிள்ளைகளுக்குக் கசநோயைத் தரும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் நிறுவின. பாலைக் காய்ச்சிக் குடிக்கும்படி பெரியவர்கள் சொல்வதன் பெறுமதி இங்கே புரிகிறது.

1905 இல் நோபல் பரிசு பெற்ற கொக், 1910 மே 27 இல் காலமானார். நோயைக் குணப்படுத்தாத அவரது மருந்தான ரியூபர்கியூலின் வீண்போகவில்லை. மாடுகளிலும் மனிதரிலும் கசநோய்த் தொற்றைக் கண்டறியும் சோதனைக்கு அது இன்றும் உதவுகிறது.

வொல்ஸ்ரைனில் நோயுற்ற எலிக்குப் பக்கத்தில் சுகமான எலியையும் வைத்து ஒப்பிட்டவர் கொக். தன் மருந்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பொறுமையை அவர் மறந்தார். பேர் பெற்ற பின்னரும் முதல்நாள் மாணவரைப் போல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே, நாளை ஆய்வுகூடம் செல்லவிருக்கும் நமக்கு அவர் வாழ்வு தரும் பாடம்.